மருதமரத்தடிச் செட்டுக்கு

அன்பான மச்சான்மாருக்கு,

போன சனிக்கிழமை குளக்கட்டுக்குக் கீழே மருதமரத்தடியில் ஏழு பேர் இருந்தோம். போன வருசம் இதே காலத்தில் எட்டுப் பேர். ஆள் குறைந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கிளாஸ் அடுக்கியது நான். பழக்கதோசத்தில் எட்டை அடுக்கிப்போட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்தேன். நீங்கள் அதைக் கண்டீர்கள். கண்டுவிட்டு மிக்சர் பைக்கற்றை உடைப்பதில் மும்முரமாக இருந்தீர்கள்.

இதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கலாம். போட்டால் இரண்டு சிரிப்புப் பொம்மையும் ஒரு பெருவிரலும் வரும், பிறகு யாராவது ஒரு பழைய பாட்டை அனுப்புவான், கதை அதோடு சரி. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். வன்னிக்குள்ளே பரந்தனிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் எங்களைப் போல எத்தனையோ செட்டுகள் மரத்தடியிலும் வயல் வாடியிலும் கூடுகின்றன. அங்கேயும் குடியை நிப்பாட்டின ஒருத்தன் இருப்பான். அல்லது, இருந்தான் என்று சொல்லும்படி ஆகியிருக்கும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் குடியை விடவில்லை. உங்களையும் விடச் சொல்லி எழுதவில்லை. அதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது குடியை நிப்பாட்டின எங்கள் எட்டாவது ஆளைப் பற்றி மட்டும். அவன் விட்டது சாராயத்தை. மரத்தடிக்கு வராமல் அவனைப் பண்ணினது நாங்கள்.

தைப்பொங்கல் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை ஞாபகம் இருக்கா? ஊற்றிக்கொண்டு வரும்போது அவன் தன் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். "எனக்கு வேண்டாம் மச்சான், நிப்பாட்டிப்போட்டன்." அவ்வளவுதான் சொன்னான். மற்றதெல்லாம் நாங்கள் சொன்னது.

"மனிசி விடேல்லையோ?"

"என்ன, டொக்ரர் பயப்பிடுத்திப்போட்டாரோ?"

"அப்ப பியர் அடி. அது சாமானே இல்லையடா."

"ஒண்டே ஒண்டு. எனக்காக."

கடைசியாகச் சொன்னது யார் என்று சொல்லமாட்டேன். மூன்று கிழமை தொடர்ந்து சொன்னான். நாலாம் கிழமை கொஞ்சம் கோபத்தோடு சொன்னான். சித்திரையில் கனடாவிலிருந்து வந்த எங்கள் கூட்டாளி, விமான நிலையத்தில் வாங்கின பிளாக் லேபிள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கெண்டுதானே காவிக்கொண்டு வந்தனான்" என்றான். அவன் குரல் தழுதழுத்தது. பத்து வருசம் கழித்து வந்தவன். அன்றைக்கு எங்கள் நிப்பாட்டினவன் எழும்பிப் போய்க் குளத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். நாங்கள் அதைச் சிகரெட்டுக்குப் போனான் என்று எடுத்துக்கொண்டோம். அவன் சிகரெட் குடிப்பதில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் எங்களில் நாலு பேர் தொடுவதில்லை. அப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டவனுக்கு நாற்பத்தொரு நாளும் மரியாதை. "சாமி, இதிலை இருங்கோ" என்று நல்ல கதிரை வேறு. வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியும்வரை தொடமாட்டேன் என்று சொன்னால், அந்தப் பக்கம் போத்தலைக் கூட நீட்டமாட்டோம். சாமிக்கென்று விடலாம். விரதம் முடிகிற திகதி ஒன்று இருந்தால் போதும், நாங்கள் காத்திருப்போம். தனக்கென்று, திகதி இல்லாமல் ஒருத்தன் விட்டால்தான் எங்களுக்குக் கடி. அவனுக்கு நான் ஒருமுறை, "ஏதும் நேத்தி எண்டு சொல்லிவிடன், விட்டிடுவாங்கள்" என்று புத்தி சொன்னேன். பொய் சொல்லச் சொல்லி. அதற்கும் அவன் சிரித்தான்.

காரணத்தை ஏன் அவனிடம் தோண்டித் தோண்டிக் கேட்டோம் என்று இப்போது யோசிக்கிறேன். ஈரலில் கொழுப்பு இருக்கலாம். பிரஷர் குளிசையாக இருக்கலாம். மகள் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு காலையில் எழும்பி, போதும் என்று நினைத்திருக்கலாம். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் 2009க்குப் பிறகு, முகாமிலிருந்து திரும்பி வந்து, இரவில் நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கியவர்கள். எனக்கு அவர்களைத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏன் தொடங்கினீர்கள் என்று அவர்களை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் நாங்கள் அவர்களுக்குச் செய்த மரியாதை. அதே மரியாதையை நிப்பாட்டினவனுக்கு ஏன் குடுக்கேல்லை?

சரி, அவன் வந்தான். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தான். அவனுக்கு நாங்கள் என்ன வைத்தோம்?

சோடா இருந்ததுதானே என்பீர்கள். அந்தச் சோடா சாராயத்துக்குக் கலக்க வாங்கினது. எங்கள் கிளாஸ்களுக்கு ஊற்றி மிஞ்சினால் அவனுக்கு. ஒன்பது மணிக்கு அது காஸ் போய், சூடேறி, இனிப்புத் தண்ணியாகிவிடும். தண்ணிப் போத்தலும் அப்படித்தான். மூன்று போத்தல் சாராயத்துக்கு ஐஸ் எத்தனை, எலுமிச்சங்காய் எத்தனை என்று கணக்குப் பார்த்து வாங்குகிற நாங்கள், ஒருத்தனுக்கு நெக்டோ சோடா ஒன்று வாங்க மறந்துபோகிறோம். பங்குனிக்குப் பிறகு அவனே பையில் ஜிஞ்சர் பியர் கொண்டுவரத் தொடங்கினான். அதற்கும் "பேரிலை பியர் இருக்கு, சாமியார் மெல்ல மெல்ல இறங்குறார்" என்று ஒரு பகிடி. முதல் தரம் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஒவ்வொரு கிழமையும் அதே பகிடி என்றால் அது பகிடி இல்லை, சுங்கவரி.

கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும்போது ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், பார்க்கிறவனுக்கும் அந்தரம், அவனுக்கும் அந்தரம். கையில் ஒரு கிளாஸ் வந்துவிட்டால் பாதிக் கேள்வி நின்றுவிடும். கல்யாண வீடுகளில் இது இன்னும் மோசம். மாப்பிள்ளையின் மாமன் வந்து காதுக்குள், "தம்பி, பின்வளவுக்கு வாங்கோ" என்பார். போகாவிட்டால் கோபிப்பார், போனால் அங்கே சாராயமும் தண்ணியும் தவிர வேறொன்றும் இருக்காது. பின்வளவில் ஒரு ஓரமாக ஆறு குளிர்ச் சோடாவும் ஒரு கேத்தில் இஞ்சிப் பிளேன்ரீயும் வைத்தால் கல்யாணச் செலவில் அது தெரியவும் மாட்டாது. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற ஆள் எங்களில் ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் சொல்கிறேன்.

காசு. இதைச் சொல்ல எனக்கே வெட்கம். மொத்தச் செலவை எட்டால் பிரிப்பது எங்கள் வழக்கம். அவன் நாலரை மாதம் எட்டில் ஒரு பங்கு கட்டினான். குடித்தது தான் கொண்டுவந்த சோடா. தின்றது இரண்டு துண்டு பொரித்த ஜப்பான் மீன், ஒரு பிடி கச்சான். அந்த மீனுக்கும், "குடிக்காதவன் பைட்ஸை முடிச்சிடுவான், தட்டை இஞ்சாலை தள்ளு" என்று கதை. யாராவது ஒருநாள் "உன்ரை பங்கு மீனுக்கு மட்டும்தான்" என்று சொன்னோமா? அவனாகக் கேட்கமாட்டான். எங்களில் யாருமே கேட்கமாட்டோம், அது வன்னியானுக்கு வராத வேலை.

பிறகு றைவர் வேலை. அவன் நிப்பாட்டின இரண்டாம் கிழமையே முடிவாகிவிட்டது, அவனைக் கேட்காமலே. ஏ9 வீதியில் பொலிஸ் நின்று பலூன் ஊதச் சொல்கிற பயம் எங்களுக்கு. மோட்டார்சைக்கிளில் ஒவ்வொருத்தராக ஏற்றி, பரந்தன் பக்கம் ஒன்று, குளத்தடியில் இரண்டு, ஒழுங்கைக்குள் ஒன்று என்று இறக்கிவிட்டு, மரத்தடிக்குத் திரும்பி வந்து அடுத்தவனை ஏற்றுவான். மூன்று தரம் போய்வருவான். ஏற்றும்போது ஒருத்தன் சத்தி எடுப்பான். ஒருத்தன் முறிகண்டிக்குப் போய்க் கச்சான் வாங்கவேண்டும் என்று இரவு பத்தரைக்கு அடம்பிடிப்பான் (அது நான்).

ஓடுகிறவன் குடிக்காதவனாக இருப்பது சரி. அதில் எனக்கு மறுபேச்சில்லை. இதை எழுதும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 750 மில்லிப் போத்தல், 33.5 வீதச் சாராயம், மூன்று போத்தல், ஏழு பேர். ஆளுக்கு 108 மில்லி சுத்த மதுசாரம், நிறையில் ஏறக்குறைய 85 கிராம். ஈரல் ஒரு மணித்தியாலத்தில் கழிப்பது 7, 8 கிராம்தான். தேசிக்காய்த் தண்ணியோ குளிப்போ கோப்பியோ அதைக் கூட்டாது. ஆறரைக்குத் தொடங்கினவனுடைய இரத்தத்தில் ஞாயிறு விடிய ஐந்து மணிக்கும் கொஞ்சம் நிற்கும். நாங்கள் அந்த நேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறோம், "நித்திரை கொண்டிட்டன், தெளிஞ்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டு. ஆகவே அவன் ஓடுவது நல்லது. ஆனால் நல்லது என்பதற்காக அவன் எங்களுடைய சம்பளமில்லா றைவராக வரவேண்டுமா? கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பான். ஒரு சனிக்கிழமை எட்டரைக்குப் போகவேண்டும் என்றபோது, "அப்ப எங்களை ஆர் ஏத்துறது?" என்றுதான் கேட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சலா, உனக்கு அலுப்பா என்று கேட்கவில்லை. எட்டு மணிக்குச் சொன்ன கதையை ஒன்பது மணிக்கு மறுபடி சொல்லுவோம், பத்துக்கு அழுதுகொண்டு சொல்லுவோம். தெளிவாக இருக்கிறவனுக்கு ஒருதரம் கேட்டால் போதும். போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தாதீர்கள்.

இப்போது ஆனி மாதத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சோடாக் கதையும் மீன் கதையும் எழுதினேன்.

அன்றைக்கு வொலிபோல் வென்றுவிட்டு வந்திருந்தோம். அவன் முன்னுக்கு நின்று அடித்த அடியில்தான் வென்றோம். நல்ல சந்தோசம். அவன் ஜிஞ்சர் பியரைத் திறந்து கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டு மீன் பொரிக்கிற அடுப்பைப் பார்க்கப் போனான். ஒருத்தன் அவனைக் கதை கொடுத்து அங்கேயே வைத்திருந்தான். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஊற்றியது நான். இரண்டு மூடி இருக்கும். இனிப்புக்குள் தெரியாது என்று நினைத்தேன்.

அவன் வந்து இருந்தான். கிளாஸை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். உதட்டில் படவில்லை. மணந்து பார்த்தான். கிளாஸை இறக்கி ஒருதரம் எங்கள் ஏழு பேரையும் பார்த்தான்; கோபமாக அல்ல, யார் என்று தேடுவது போல. எழும்பிப் போய் மருதமர வேரடியில் ஊற்றினான். வாளித் தண்ணியில் கிளாஸைக் கழுவினான், விரலை உள்ளே விட்டு, இரண்டு தரம். மேல்சட்டைத் தலைப்பில் துடைத்தான். பையிலிருந்து புதுப் போத்தல் எடுத்து, மூடி "டிக்" என்று உடைகிற சத்தம் கேட்கத் திறந்து, ஊற்றிக் குடித்தான். பிறகு போத்தலைக் கால் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். கதைத்தான், சிரித்தான், பத்தரைக்கு எங்களை ஒவ்வொருத்தராக வீட்டில் இறக்கினான். என்னைக் கடைசியாக. படலையடியில், "கவனமாப் போ" என்றான். என் வளவுக்குள்ளே நான் போவதற்கு.

அடுத்த சனி வரவில்லை. பிறகும் வரவில்லை.

பகிடிதானே என்று நீங்கள் சொன்னதை நானும் ஒரு மாதம் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு மருந்தாளரோடு கதைத்தபோது டைசல்பிராம் என்ற குளிசையைப் பற்றிச் சொன்னார். குடியை விடுகிற சிலருக்கு வைத்தியர்கள் கொடுப்பது. நாங்கள் குடிக்கிற மதுசாரம் உடம்பில் முதலில் அசெற்றல்டிஹைட் என்ற நஞ்சாக மாறும். ஈரல் அதை உடனே அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இந்தக் குளிசை அந்த அடுத்த படியை மறித்துவிடும், வாய்க்காலில் துலுசுக் கதவை இறக்கின மாதிரி. நஞ்சு தேங்கும். முகம் சிவந்து கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், சத்தி வரும், இரத்த அழுத்தம் விழும். கொஞ்சச் சாராயமே அதற்குப் போதும்; கடுமையாக வந்தால் ஆளே போகலாம். குளிசையை நிப்பாட்டி இரண்டு கிழமை வரைக்கும் இந்த ஆபத்து இருக்கும் என்றார். அவன் அந்தக் குளிசை எடுக்கிறவனா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஊற்றினேன். மரத்தடியிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அந்த நேரம் அவனை ஏற்றிப் போக எங்களில் தெளிவாக நின்றது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று, ஒருவருக்கு மட்டும். காலையில் பல் தீட்ட முதல் கால் போத்தல் தேடுகிற ஆள் எங்களுக்குள் இருக்கிறார். போன கிழமை, "அவனே விட்டிட்டான், நானும் நாளைக்கு விடுறன்" என்று சவால் விட்டார். அண்ணை, சவாலுக்கு விடாதீர்கள். அந்த அளவு குடிக்கிற உடம்பில் திடீரென்று நிப்பாட்டினால் முதல் நாளே கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது; மருந்து தந்து படிப்படியாக இறக்குவார்கள். நான் கூட வருகிறேன்.

ஊரில் இப்போது போத்தல் வாங்க எங்கேயும் அலையத் தேவையில்லை. கிளிநொச்சியில் சாராயக்கடைகள் கூடியதும், சனம் எதிர்த்து நின்றதும், 2024 கடைசியில் அந்தக் கடைகளின் அனுமதிப்பத்திரக் கதை பாராளுமன்றம் வரை போனதும் எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்த்துக் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன், வைத்துவிட்டு அன்று பின்னேரம் அந்தக் கடைக்கே போனவனும் நான்தான். அந்த வெட்கக்கேட்டை இதில் நீட்டவில்லை.

எங்கள் அப்பு சீவல் காலத்தில் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போனதை நினைக்கிறேன். சின்னப் பொடியனாகிய எனக்குக் கருப்பணி, அவருக்குக் கள்ளு. ஒரே பனை, சீவினதும் ஒரே ஆள். ஒரு முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார், அதில் இறங்குவது புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். மற்றதில் தடவவில்லை, அது விடியமுதலே நுரைத்துவிடும். இரண்டையும் ஒரே மாதிரிப் பனையோலைப் பிளாவில்தான் வார்த்துத் தருவார்கள். எல்லோரும் ஒரே வாங்கில்தான் இருப்போம். கருப்பணி குடித்த கிழவர்களும் அங்கே இருந்தார்கள், வயிற்று வருத்தக்காரர், விரதக்காரர், சும்மா வேண்டாம் என்றவர். அவர்களை யாரும் ஏன் என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருப்பார்களோ என்னவோ, பொடியன் எனக்கு விளங்கியிருக்காது.

வருகிற சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக்கடை பூட்டு. வழக்கமாக நாங்கள் வெள்ளி பின்னேரமே வரிசையில் நின்று வாங்கி, வைக்கோல் போருக்குள் ஒளித்து வைப்போம். இந்தமுறை அந்த வரிசைக்கு நான் வரவில்லை. நீங்களும் போகாதீர்கள் என்று கேட்கிறேன், ஒரு சனிக்கிழமைக்கு மட்டும். நாலு மணிக்கு வொலிபோல் நெற் கட்டுவோம், இருட்டும்வரை அடிப்போம், மீன் பொரிப்போம். அடுத்த சனி உங்கள் பாட்டில் குடியுங்கள், நானும் குடிப்பேன். அவனுக்குக் குளிராக இரண்டு போத்தல் நான் வாங்கி வருவேன், பங்கு மீனுக்கு மட்டும், றைவர் வேலைக்கு ஓட்டோக்காரத் தம்பியைப் பேசியிருக்கிறேன்; அதன் காசை ஏழால் பிரிப்போம்.

இதைப் போட முதல் அவனுக்குப் போன் எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஆனி மாதக் கதை வந்த இடத்தில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"வாசி, கேக்கிறன்" என்றான்.

வாசித்து முடிய, பேர் போடாதே என்றான். ஒரு திருத்தமும் சொன்னான்: "மூண்டு தரமில்லையடா. ஒவ்வொருத்தரா ஏழு பேரை ஏத்தினா ஏழு தரம். நீ வெறியிலை எண்ணியிருக்கிறாய்."

சனிக்கிழமை வருவாயா என்று கேட்டேன். யோசித்தான். மீன் ஆர் பொரிக்கிறது என்று கேட்டான். நான்தான் என்றேன்.

"நீ கருக்கிப்போடுவாய். மீனை நான் பாக்கிறன். நீ சோடாவை வாங்கு. ஆனால் மூடியை உடைக்காமல் என்ரை கையிலை தா."

இப்படிக்கு,
கிளாஸ் அடுக்குகிறவன்